கத்திரி வெயிலில் மோர் குடித்த ஏரோப்ளேன்

ஏரோப்ளேன் ஷெட்டில் இப்போது மூன்று பெண்பிள்ளைகள் புதிதாக வேலைக்கு வந்திருக்கிறார்கள். டிப்ளமா படித்தவர்கள். கழுத்தில் அட்டை, காலில் பூட்ஸ், கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. அதை இறக்கைக்கு நேராக நீட்டினால் எத்தனை சூடு என்று அதுவே காட்டிவிடுகிறது. நான் விட்டுப்போன சோத்துப் போசியை எடுக்கப் போன அன்று என்னைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டார்கள்.

"பாட்டி, நீங்க இங்க என்ன வேலைங்க பாத்தீங்க?"

"ஏரோப்ளேனுக்குச் சட்டை தெச்சேன் கண்ணு."

மூன்றும் விழுந்து விழுந்து சிரித்தன. நான் சிரிக்கவில்லை. உண்மையைச் சொல்லும்போது மட்டும் சிரிக்காமல் இருப்பது என் வழக்கம். அதனாலேயே யாரும் நம்புவதில்லை. அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் வெளியே முட்டி போட்டபடி. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி புத்தகத் தமிழில் எழுதுகிறாள். எங்காவது நான் ரொம்ப நல்லவளாகத் தெரிந்தால் அது அவள் சேர்த்தது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருந்தேன். அங்கே எத்தனை வருஷம், எத்தனை சட்டை என்றெல்லாம் கேட்காதீர்கள். மனிதர்களின் தோள்பட்டையை மட்டுமே பார்த்துப் பாதி ஆயுள் போனது. அப்போதுதான் எங்கள் மொதலாளி ஒரு சின்ன ஏரோப்ளேன் வாங்கினார். மூக்கில் காத்தாடி, அதற்குப் பின்னால் டர்பைன் இன்ஜின், உள்ளே ஆறு பேர் உட்காரலாம். மடத்துக்குளத்துக்கும் அமராவதி நகருக்கும் நடுவே, தன் தென்னந்தோப்பை ஒட்டி, அது ஓட ஒரு தார்ப்பாதையும் போட்டார். வெயிலில் அது வேகாமல் இருக்க உறை வேண்டும், வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்காகும் என்றார்கள். மொதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஊரு ஒலகத்துக்கே துணி தெச்சுக் குடுக்கறோம். நம்ம ஏரோப்ளேனுக்கு வெளிநாட்டுச் சட்டையா? வேலாத்தாளக் கூப்புடுங்க."

போனேன். மூக்கைச் சுற்றி டேப் பிடித்து அளவெடுத்தேன். கழுத்துக்கு இழுபடும் ரிப் பட்டி வைத்து, கம்பெனியின் நல்ல காட்டன் துணியிலேயே தைத்து மாட்டினேன். குரங்குக் குல்லாய் போட்ட குழந்தை மாதிரி அது தூங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் கேப்டன் வந்து உறையைக் கழற்றினார். மூக்கு முழுக்கப் பஞ்சுத் துகள் ஒட்டியிருந்தது.

கேப்டன் பெயர் ஞானமுத்து. நாகர்கோவில் பக்கம். ஒல்லியான, நரைத்த மனிதர். என்னை வைவார் என்று நின்றேன். அவரோ நாற்காலி போட்டு உட்கார்ந்து, துகளை ஒவ்வொன்றாக விரலால் பொறுக்கினார்.

"யக்கா, இது அது மூச்சு விடுத வாய் கேட்டியளா. இதுக்குள்ள பஞ்சு போவக் கூடாது. வேற துணி பாருங்க."

அவ்வளவுதான். பிறகு பஞ்சு விடாத வெள்ளித் தார்ப்பாயில் தைத்தேன். மூக்குக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, காத்து அளக்கும் குழாய்க்குக் குட்டியாய் ஒன்று. எல்லாவற்றிலும் சிவப்பு வால் வைக்கச் சொன்னார், கழற்ற மறந்து போகாமல் இருக்க. தைத்து முடித்த பிறகு என்னைத் திருப்பி அனுப்ப யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. அப்படியே அங்கே வேலைக்காரியாகிவிட்டேன்.

அந்த ஷெட்டின் மத்தியானங்களை எப்படிச் சொல்வது? தகரக்கூரை மெல்ல முனகும். வெளியே தார்ப்பாதை முழுக்கக் கானல் ஓடும். பாதையின் அந்தக் கடைசியில் நிற்கும் தென்னைகள் தண்ணீருக்குள் நிற்பது போல அலையும். ஒரு மாடு குறுக்கே போனால் அதற்குக் கால் இருக்காது. உடம்பு மட்டும் மிதந்து போகும். நான் இறக்கை நிழலில் படுத்துக்கொண்டு, விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே தெரியாமல் கிடப்பேன். ஏரோப்ளேனும் அப்படித்தான் கிடக்கும். சம்பளம் மட்டும் எனக்குத் தனி.

கேப்டன் வந்தவுடன் கை வைப்பார். உள்ளங்கையால் இல்லை, புறங்கையால், காய்ச்சல் பார்ப்பது போல, மூக்கில், வயிற்றில், சக்கரத்தில். பிறகு கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்துக் காத்து எந்தப் பக்கம் என்று பார்ப்பார். காத்து முதுகுப்பக்கம் அடித்தால் இன்ஜினைத் தொடவே மாட்டார். ஏரோப்ளேனைத் தள்ளித் திருப்பி, மூக்கைக் காத்துக்குக் காட்டிய பிறகுதான் ஏறுவார்.

"ஏனுங்க, காத்து எப்படி அடிச்சா என்னங்க?"

"இதுட்ட இருந்து வார சூட்ட காத்து திருப்பி இதுக்குள்ளயே தள்ளிரும் யக்கா. வெந்துபோவும்."

வெயில் காலத்தில், வந்து இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே திரும்பக் கிளம்ப வேண்டுமென்றால் அவருக்கு முகம் சுண்டிவிடும். இன்ஜின் வயிற்றுக்குள் சூடு அப்படியே நிற்குமாம். அப்போது எரிகிற எண்ணெய் விடாமல் வெறுமனே இன்ஜினைச் சுற்ற விடுவார். காத்து உள்ளே போய்ச் சூட்டை வெளியே தள்ளும். சூட்டு முள் நன்றாக இறங்கிய பிறகுதான் எண்ணெய். அந்த நேரம் நான் தீயணைக்கும் சிலிண்டரோடு அவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். அவர் கண் முள்ளை விட்டு நகராது. உதடு மட்டும் அசையும். செபமா எண்ணிக்கையா என்று ஒருநாள் கேட்டேன். "ரெண்டும்தான்" என்றார்.

குளிருக்கும் அவரிடம் முறை இருந்தது. ஒரு மார்கழியில் மொதலாளியை வடக்கே பனி பெய்யும் ஊருக்குக் கூட்டிப் போனார். கம்பெனியில் குளிர்கால உடுப்புக்கு வந்த கம்பளித் துணியை உள்ளே வைத்து மெத்தை மாதிரி ஒரு மூக்குறை தைத்துக் கொடுத்தேன். திரும்பி வந்தவர் கதை கதையாகச் சொன்னார். இறக்கையில் உப்புப் படிந்தது போல உறைபனியாம். நகக்கனம் இருந்தாலும் பறக்கக் கூடாதென்று துடைத்துத் துடைத்துக் கை மரத்துப் போயிற்றாம். ராத்திரி வெளியே விட்டால் பேட்டரி செத்துப்போகுமென்று அதைக் கழற்றி ஓட்டலுக்குக் கொண்டுபோய், தன் கட்டிலில் கம்பளி போர்த்திப் படுக்க வைத்தாராம்.

"ஊட்ல அம்மிணிக்குத் தெரியுமுங்களா?" என்றேன்.

"எது?"

"நீங்க இன்னொன்னு கூடப் படுத்தது."

அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

இப்போது அந்த ஒரு நாளுக்கு வருகிறேன்.

மொதலாளிக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தது. ஆள் யானை மாதிரி இருந்தவர், வாரம் தவறாமல் ரத்தம் சுத்தம் செய்து செய்து, தோய்த்துப் பிழிந்த துணி போல ஆகிவிட்டார். தோப்புக்கு வந்து இருக்கும் நாட்களில் அவருக்கு மாத்திரையும் தண்ணீரும் அளந்து கொடுப்பது என் வேலை. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து காத்திருந்தார். கத்திரி வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம் போன் வந்தது. யாரோ ஒரு புண்ணியவான் போய்ச் சேர்ந்திருக்கிறார், அவர் சிறுநீரகம் இவருக்குப் பொருந்தும் போலிருக்கிறது. சாயங்காலத்துக்குள் வந்து சேர வேண்டும். வராவிட்டால் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும்.

காரில் போனால் ராத்திரியாகிவிடும். ஏரோப்ளேன்தான் கதி. ஆனால் அந்த வருஷம் பார்த்து, எங்கள் தார்ப்பாதையின் கிழக்குப் பாதியைப் புதுசாகப் போடக் கொத்திப் போட்டிருந்தார்கள். மிச்சம் இருந்தது மேற்குப் பாதி மட்டும். அது முடியும் இடத்தில் தார் டிரம்மும் சிவப்புத் துணியும்.

கேப்டன், எத்தனை சூட்டில் எத்தனை எடை தூக்கும் என்று போட்ட அட்டவணையை விரித்து, விரலை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தபோதே கார்கள் வர ஆரம்பித்தன. எங்கள் பக்கம் ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதென்றால் தனியாக அனுப்புகிற பழக்கம் கிடையாது. பங்காளி, சம்பந்தி, மாமன் மச்சான் எல்லாம் வரும். பாய், தலையணை, டிபன் கேரியர், பெரிய போசி நிறைய மோர் எல்லாம் வரும். அன்றும் வந்தது. எல்லோரும் ஏரோப்ளேனில் இடம் பிடிக்க நின்றார்கள். முன்னால் நின்றவர் மொதலாளியின் மச்சினர் குமாரசாமி. வெள்ளை வேட்டி, பெரிய குரல், பருத்தி மாதிரி மனசு.

கேப்டன் அட்டவணையை மடித்தார். "மொதலாளி, நான், கூட ஒரே ஒருத்தர். அதுவும் எடை கொறஞ்ச ஆளா இருக்கணும்."

"ஏனுங்க கேப்டன், ஆறு சீட்டு இருக்குதுல்லங்க!"

"சீட்டு இருக்கு. காத்து இல்ல. சூடு ஏற ஏறக் காத்து இளகிப் போவும். றெக்கைக்குப் பிடிமானம் கெடைக்காது, இன்ஜினுக்கும் தெம்பு கொறயும். இருக்கது பாதிப் பாதை. அதுக்குள்ள எந்திரிக்கணும்லா?"

"கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க சாமி. இன்னொரு ஆளு." துணி வியாபாரம் பேசுவது போலவே பேசினார்.

கேப்டன் முன்கண்ணாடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த, பென்சில் பருமனான கம்பியைக் காட்டினார். "வெளிய எத்தன சூடுன்னு சொல்லுதது அதுதான். நாப்பத்திமூணு காட்டுது. அது முப்பது காட்டினா நீங்களும் வரலாம். அதுட்டக் கேளுங்க."

சொல்லிவிட்டு அவர் விமான நிலையத்துக்குப் போன் பேச ஷெட்டின் உள்ளறைக்குப் போனார். மெக்கானிக் கூடுதல் இருக்கைகளைக் கழற்றி உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தான். நான் காரிலிருந்த மொதலாளிக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன்.

கேப்டன் திரும்பி வந்து ஏறி சுவிட்சைப் போட்டார். அப்படியே நின்றுவிட்டார். கத்திரி வெயிலில், நட்ட நடு மத்தியானத்தில், இருபத்தாறு காட்டியது.

மெதுவாகத் திரும்பி வெளியே பார்த்தார். சொந்தக்காரர்கள் மொத்தப் பேரும் வரிசையாக, கல்யாணப் போட்டோவுக்கு நிற்பது போல, அசையாமல் நின்றார்கள். கேப்டன் இறங்கி வந்து ஏணியில் ஏறினார். கம்பியைச் சுற்றி ஈரமான பனியன் வேஸ்ட் துணி. அவிழ்த்துப் பிழிந்தார். மோந்து பார்த்தார்.

"மோரா?"

குமாரசாமி கைகட்டி நின்றார். "ஆமாங்க. பானைத் தண்ணி ஊத்துனமுங்க, முப்பத்தஞ்சுலயே நின்னு போயிருமோன்னு பயமா இருந்துச்சு. அதான் மோரு. சூட்டுக்கு நல்லதுங்க."

"தாளிச்சதா?"

"இல்லீங்க. தாளிக்காததுதானுங்க."

யாரும் சிரிக்கவில்லை. கேப்டன் அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் பேசுவது போலச் சொன்னார். "கம்பியக் குளுப்பாட்டிட்டிய. சரி. நம்ம பறக்கப் போறது கம்பியிலயா, காத்துலயா? இத நம்பி உங்களையும் ஏத்தியிருந்தேன்னு வைங்க, அந்தா நிக்குல்லா டிரம்மு, அதுலதான் இறங்கியிருப்போம். உங்க மாமனோட."

கேப்டன் முகம் சட்டென்று மாறியது. இறக்கைக்கு அடியில் வளைந்து நிற்கும் குழாயைக் காட்டி, "இதுல ஊத்துனியளா?" என்றார். அதுதான் வேகத்தை அளக்கும் குழாய். அதில் மோர் போயிருந்தால் அன்று ஏரோப்ளேன் கிளம்பாது. மொதலாளியின் உயிர் அந்த ஓட்டையில் இருந்தது.

"ஐயோ இல்லீங்க! அது உங்க வேலாத்தா தெச்ச குல்லாய் போட்டிருந்துச்சுங்க. அதத் தொடலீங்க."

மெக்கானிக் குல்லாயைக் கழற்றி விளக்கடித்துப் பார்த்தான். உலர்ந்திருந்தது. கம்பியை நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவிட்டோம். அது படிப்படியாக நாற்பத்திமூன்றுக்கே ஏறி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

குமாரசாமி ஒரு ஓரமாகப் போய்த் தூணில் சாய்ந்து அழுதார். "எங்க மாமனைத் தனியா அனுப்பச் சொல்றீங்களே. என்னைத் தோள்ல போட்டு வளத்துன மனுசனுங்க."

கூடப் போகிறவர் மொதலாளியின் சம்சாரம் ருக்மணியம்மாதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மூட்டை நிறுக்க ஷெட்டில் வைத்திருந்த துணி ரோல் தராசில் அவரை நிற்கச் சொன்னார் கேப்டன். ருக்மணியம்மா நல்ல தாட்டியான உடம்பு. நானே பல தடவை கேலி செய்திருக்கிறேன். கேப்டன் எண்ணைப் பார்த்தார். அட்டவணையைப் பார்த்தார். தலையை அசைத்தார்.

ருக்மணியம்மா வளையல்களைக் கழற்றித் தம்பி குமாரசாமி கையில் கொடுத்தார். சங்கிலியைக் கழற்றினார். தாலியையும், கால் மெட்டியையும் தவிர எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் செருப்பில்லாமல் மறுபடி ஏறி நின்றார். எண் அசைந்ததா என்றுகூடத் தெரியவில்லை. கேப்டன் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அட்டவணையையே பார்த்தார்.

ருக்மணியம்மா தராசை விட்டு இறங்கினார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வேலாத்தா, நீ ஏறு."

"நானுங்களா அம்மிணி?"

"காஞ்ச முருங்கக்காயாட்ட இருக்கறயே, இன்னைக்காச்சும் அது ஒதவட்டும். அவருக்கு மாத்தர குடுக்க, தண்ணி அளந்து குடுக்க உனக்குத்தான் தெரியும். ஏறு சாமி."

ஏறினேன். தராசு என்னைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை; ஒரு துணி ரோல் அளவுகூட நான் இல்லை. கேப்டன் கணக்கை மறுபடி போட்டார். "வாங்க யக்கா. போவலாம்."

இத்தனை வருஷம் அதற்குச் சட்டை மாட்டியிருக்கிறேன். ஒரு நாளும் உள்ளே உட்கார்ந்து பறந்ததில்லை.

காத்து பின்னாலிருந்து அடித்தது. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சேர்ந்து ஏரோப்ளேனைத் தள்ளித் திருப்பினார்கள். தேர் இழுப்பது போல ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் தோள் கொடுத்தார்கள். நான் வழக்கமாக நிற்கும் இடத்தில் குமாரசாமி சிலிண்டரைக் குழந்தை மாதிரி கட்டிக்கொண்டு நின்றார். கேப்டன் எண்ணெய் விடாமல் இன்ஜினைச் சுற்றவிட்டார். முள் இறங்கியது. எண்ணெய் விட்டார். முள் சரசரவென்று ஏறியது. சிவப்புக் கோட்டுக்குக் கிட்டே போய், யோசித்து, இறங்கி வந்தது. அவர் உதடு அசைவது நின்றது.

பிறகு ஓட்டம். பிரேக்கை அழுத்திக்கொண்டே இன்ஜினை முழுதும் உறுமவிட்டு, சட்டென்று விட்டார். கானல் முன்னால் ஓட, நாங்கள் பின்னால் ஓடினோம். டிரம்மும் சிவப்புத் துணியும் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து வந்தன. மொதலாளி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தார். சொந்த ஏரோப்ளேனில் அவர் எப்போதும் அப்படித்தானாம். அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சிவப்புத் துணி காலுக்கடியில் சுருண்டது. சத்தம் மாறியது. சக்கரம் எதையும் தொடவில்லை.

கேப்டன் அவசரப்பட்டு மூக்கைத் தூக்கவில்லை. தாழவே விட்டு, வாய்க்கால் மேட்டை ஒட்டி, தென்னைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில், வேகம் சேர்த்துச் சேர்த்துப் போனார். ஓலைகள் எங்களைப் பார்த்துத் தலையாட்டின. அப்புறம்தான் பூமி மெதுவாக எங்களை விட்டுக் கீழே போனது.

"ஏந்திரிச்சுதா?" என்றார் மொதலாளி, கண் மூடியபடியே.

"ஏந்திரிச்சுருச்சுங்க. கண்ணத் தொறங்க, காசு போட்டு வாங்கினதப் பாக்கோணுமல்லங்க."

காற்றாலைகள் கோலப்புள்ளி போல ஆயின. அமராவதி ஆறு ஒரு நூல். யாரோ தைத்துவிட்டு அறுக்க மறந்த நூல். கொஞ்ச நேரத்தில் சத்தம்கூடத் தாலாட்டு மாதிரி ஆகிவிட்டது. முன்னால் அந்தக் கம்பியின் எண் இருபது, பத்து, பூஜ்யம் என்று இறங்கி, அதற்கும் கீழே போனது. கண்ணாடிக்குப் புறங்கையை வைத்துப் பார்த்தேன். மண்பானையை விடக் குளிர்ச்சி. ஒரே மத்தியானத்தில் கத்திரியிலிருந்து மார்கழிக்கு வந்துவிட்டோம். என் முந்தானையை மொதலாளியின் காதைச் சுற்றிக் கட்டினேன்.

"வேலாத்தா, கிடைக்குமா எனக்கு?"

"கெடைக்குமுங்க. மோரெல்லாம் ஊத்தியிருக்குதல்லங்க."

மோர்க் கதையை நான் சொன்ன பிறகு சிரித்தார். சிரிப்பு நிற்க வெகு நேரமானது. பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கினார். மேகம் வந்து ஜன்னலைத் தொட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது.

சென்னையில் ஆம்புலன்ஸ் ஏரோப்ளேன் அருகிலேயே வந்து நின்றது. வெயில் சாய்வதற்குள் ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டோம். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிய நர்ஸ் நின்று கேட்டாள். "நீங்க இவருக்கு என்ன வேணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மொதலாளி சொன்னார். "எங்கக்கா."

"தங்கச்சின்னு போட்டுக்கோ கண்ணு," என்றேன். "இவருக்கு ரெண்டு வயசு சின்னவ நான்."

கதவு மூடிய பிறகும் உள்ளே அவர் சிரிப்பது கேட்டது.

கேப்டன் ஊருக்குத் திரும்பிப் போய், பொழுது இறங்கி வெயில் தணிந்ததும் ருக்மணியம்மாவையும் குமாரசாமியையும் ஏற்றிக்கொண்டு வந்தார். காத்து கெட்டிப்பட்டுவிட்டதாம், ஒரு கேரியர்கூட ஏற்றலாம் என்று அவரே சொன்னாராம். ஆபரேஷன் நடந்தது. நாங்கள் மூவரும் பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். விடிந்து வெளிச்சம் வந்த பிறகு டாக்டர் வந்தார்.

"வைச்ச கிட்னி வேலை செய்யுது. யூரின் நல்லா வருது."

குமாரசாமி ஊருக்குப் போன் போட்டு, வராண்டாவே அதிரும்படிக் கத்தினார். "மாமனுக்கு வருதாமா! வந்துருச்சாமா!" அந்தப் பக்கம் மொத்தக் குடும்பமும் கூச்சலிடுவது போனுக்கு வெளியே கேட்டது. ஒரு மனிதர் ஒன்றுக்குப் போனதற்கு அத்தனை பேர் கை தட்டி நான் பார்த்ததில்லை.

ருக்மணியம்மாவைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க விட்டார்கள். மூக்குக்கண்ணாடி போட்டும் அவருக்குத் தூரம் சரியாகத் தெரியாது. கட்டிலுக்கு அடியில் தொங்கிய பையை விரலால் காட்டினார்.

"வேலாத்தா, நெசமாலும் வருதா? பாத்துச் சொல்லு. பொய் சொல்லாத."

நான் நெற்றியைக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு பார்த்தேன். குழாயில் ஒரு சொட்டு திரண்டது, நின்றது, விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

"வருதுங்க அம்மிணி," என்றேன். சிரிக்காமல் சொன்னேன். அவர் நம்பினார்.